வெள்ளிக்கிழமைச் சட்டி

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளிற் பெரும்பாலானவற்றில் குசினிச் சட்டிகள் இரு வகைப்படும். ஒன்று மச்சச் சட்டி, மற்றையது மரக்கறிச் சட்டி. வெள்ளிக்கிழமை விடிந்ததும் மச்சச் சட்டி கோடிப்புறத்துக்குப் போய்விடும். அடுப்படி மெழுகி, மஞ்சள் நீர் தெளித்து, குளித்து முழுகிய பின்னரே அன்னையர் உலையேற்றுவர். பொழுது படும் வேளையில் சுவாமி அறையில் விளக்கெரியும். இதனை எவரும் எமக்குப் பாடமாகச் சொல்லித் தந்ததில்லை. சட்டியைப் பார்த்தே வெள்ளிக்கிழமையை அறிந்துகொண்டோம்.

இத்தாலியின் தென்கோடியில், சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், விடுதிக் குசினியொன்றில் அந்தச் சட்டியின் நினைவு எமக்கு மீண்டும் வரும் என்று நாம் எதிர்பார்த்திருக்கவில்லை.

பலெர்மோவில் வாழும் எம்மவரைப் பற்றி வாசகர்கள் அறிவர். 1980களிலிருந்து இங்கு வந்து சேர்ந்தவர்கள் வீடுகளிலும் விடுதிகளிலும் உணவகங்களிலும் உழைத்துக் குடும்பங்களைக் கரையேற்றியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மொன்தே பெல்லெகிரினோ மலையேறி, சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயிலில் மெழுகுதிரி ஏற்றுவோரில் சைவர்களும் உளர். பிறருடைய கோயிலுக்குச் சென்று தலைவணங்கப் பழகிக்கொண்ட எம்மவர், பிறருடைய உணவு நெறிக்கும் உதவ நேர்ந்த கதையை இங்கு எழுதுகின்றோம். விடுதிகளில் தொழில் புரியும் எமது வாசகர் பலருக்கு இது நடைமுறையிலும் பயன்படக்கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதத்தில், புகையிரத நிலையத்துக்கு அண்மையிலுள்ள விடுதியொன்றில் சமையல் உதவியாளராக இருக்கும் தம்பி ஒருவர் தொலைபேசியில் எம்மை அழைத்தார்.

"அண்ணை, வியாழக்கிழமை ஒரு யூதக் குடும்பம் வருது. ஐந்து பேர். ஞாயிறு மட்டும் நிக்கினம். என்ன சாப்பிடலாம், என்ன செய்யக்கூடாது எண்டு ரெண்டு பக்கத்துக் கடிதம் அனுப்பியிருக்கினம். முகாமையாளர் அதைக் கொண்டுவந்து என்ர கையிலை தந்திட்டார். 'நீங்களும் மாடு சாப்பிடாத ஆக்கள்தானே, உங்களுக்கு விளங்கும்' எண்டு சொல்லுறார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை."

ஊரில் ஒரு காலத்திற் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றியவர் என்பதால், உலகத்து நூல்களனைத்தும் எமக்குத் தெரியும் என்பது தம்பியின் நம்பிக்கை. நூலில் வாசித்ததற்கும் குசினியில் நடப்பதற்கும் உள்ள தூரத்தை அன்றுதான் நாமும் அளந்தோம்.

கடிதத்தின் உள்ளே

கடிதத்தை இருவருமாக அமர்ந்து வாசித்தோம். 'கோஷர்' என்னும் எபிரேயச் சொல்லுக்குத் தகுதியானது என்பது பொருள். அசைபோடுவதும் குளம்பு பிளவுபட்டதுமான விலங்கின் இறைச்சியே யூதருக்குத் தகும். அதுவும் முறைப்படி அறுக்கப்பட்டு, இரத்தம் நீக்கப்பட்டிருத்தல் வேண்டும். மீனாயின் துடுப்பும் செதிலும் இருத்தல் வேண்டும். ஆகவே மத்தி தகும், சூரை தகும். இறால், நண்டு, கணவாய் தகா. சிசிலியர் பெரிதும் விரும்பும் வாள்மீன் வளர்ந்தபின் செதிலற்றுப் போவதால் நெறி வழுவாத யூதர் பெரும்பாலோர் அதனை விலக்குகின்றனர். இறைச்சியும் பாலும் ஒரே உணவிற் சேரா. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரங்கள் உண்டு.

இவ்விடத்தில் தம்பி நிமிர்ந்து பார்த்தார். "எங்கடை மச்சச் சட்டி மாதிரித்தான் அண்ணை!" என்றார். அந்தக் கணத்திலிருந்து அவருக்கு எமது விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை.

வார நாட்களில் இவ்வளவும் போதுமானது. சபாத் என்னும் ஓய்வுநாள் வந்தால் இன்னொரு அடுக்கு விதிகள் சேர்கின்றன. வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் போது அது தொடங்கும். சனி இரவு வானில் மூன்று விண்மீன்கள் தெரியும்போது முடியும். அந்த இடைவெளியில் விலக்க வேண்டிய தொழில்கள் 39 எனப் பழைய யூத சட்டத் தொகுப்பான மிஷ்னா வகுத்துள்ளது. தீ மூட்டலும் அணைத்தலும் சமைத்தலும் எழுதுதலும் அவற்றுள் அடங்கும். மின்சாரத்தை இயக்குவதையும் நெறி வழுவாதவர்கள் தவிர்க்கின்றனர். பொதுத்தெருவிற் பொருளைச் சுமந்து செல்வதும் ஆகாது. எனினும் அந்நாள் நோன்பு நாளன்று. மூன்று வேளை நிறைவாக உண்ண வேண்டிய நாள். திராட்சை இரசத்தின்மீது வாழ்த்துரைத்து, இரண்டு முழுப் பாண்களை முன்வைத்துத் தொடங்க வேண்டிய விருந்து நாள். பாலைவனத்தில் வெள்ளிக்கிழமைதோறும் இருமடங்காக இறங்கிய மன்னாவின் நினைவே அந்த இரண்டு பாண்கள் என்பர்.

சமைக்கக் கூடாது, ஆனால் விருந்துண்ண வேண்டும். எனவே யாவும் வெள்ளிக்கிழமை பொழுது படுமுன் ஆயத்தமாதல் வேண்டும். சொந்த வீட்டில் இது பழக்கம். விடுதியில் இது பெரும் காரியம். இக்காலத்து விடுதிக் கதவுகள் மின் அட்டையால் திறப்பவை. நடைபாதை விளக்குகள் ஆள் அசைந்தால் எரிபவை. மின்தூக்கி பொத்தானை அழுத்தினால் வருவது. மேலும், சபாத் தொடங்கியபின் யூதரல்லாத ஒருவரிடம் 'எனக்காக இதைச் செய்' என்று கேட்பதும் பொதுவாக அவர்களுக்கு ஏற்புடையதன்று. கேட்க வேண்டியவை அனைத்தையும் முன்னரே கேட்டுவிட வேண்டும். இரண்டு பக்கக் கடிதத்தின் காரணம் இப்போது எமக்கு விளங்கிற்று.

விடுதி நிருவாகம் இயன்றதைச் செய்தது. முதலாம் மாடியில், படியேறிச் செல்லக்கூடிய, சாதாரணத் திறப்பால் திறக்கும் பழைய அறைகள் இரண்டு ஒதுக்கப்பட்டன. குளிர்சாதனப் பெட்டியின் உள்விளக்கு கழற்றப்பட்டது. குளியலறை விளக்கை எரியவிடுவதென முடிவாயிற்று. அறையில் மெழுகுதிரி ஏற்றத் தீயணைப்பு விதி இடந்தராமையால், உணவுமண்டபத்தின் ஒரு மூலையில், தட்டத்தின்மேல் ஏற்றி ஒருவர் காவலிருப்பதென உடன்பாடு. கணக்குத் தீர்ப்பதும் கையொப்பமிடுவதும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளப்பட்டன.

வியாழன் மாலை குடும்பம் வந்து சேர்ந்தது. எழுபது வயது கடந்த தம்பதியர், அவர்களின் மகள், பேரப்பிள்ளைகள் இருவர். ரோமாபுரியில் பழைய யூதச் சேரி இருந்த பகுதியில் கோஷர் உணவகங்கள் பல உள. பலெர்மோவில் அவ்வாறான தெரு இல்லை. ஆகவே ரோமாபுரியிலேயே சமைத்து, இரட்டை உறையிட்டு, முத்திரை ஒட்டிய உணவுப் பெட்டிகளை அவர்கள் கையோடு கொண்டுவந்திருந்தனர். எந்தக் குசினியின் அடுப்பிலும் அவற்றை உறையோடு சூடாக்கலாம். உறை பிரியாதவரை உள்ளிருப்பது கோஷர்.

உபசாரம் செய்த பிழை

வெள்ளிக்கிழமை நண்பகல் நாம் குசினிக்குச் சென்றபோது தம்பியின் முகம் வெளிறியிருந்தது. மேசைமீது விடுதியின் மிகச் சிறந்த பீங்கான் தட்டுகளில், கீரைத்தழை தூவி, அந்த உணவு முழுவதும் அழகாகப் பரிமாறி வைக்கப்பட்டிருந்தது. தலைமைச் சமையற்காரர் அதிகாலையிலேயே வந்து, விருந்தினர் தகரப் பெட்டியில் உண்பது விடுதிக்கு மதிப்பன்று என்று கருதி, உறைகளைக் கிழித்துத் தம் கையாலேயே தட்டில் எடுத்து வைத்திருந்தார். அவரிடம் வஞ்சகம் இல்லை. தமது வீட்டின் நல்ல தட்டை விருந்தாளிக்கு எடுத்து வைத்த மனிதர் அவர்.

விடயத்தை அவருக்கு விளக்கியபோது, "ஒரு துணுக்குக்கூட நான் சேர்க்கவில்லையே!" என்று கலங்கினார். சேர்க்கவில்லைதான். ஆயினும் நேற்றுவரை பன்றியிறைச்சியும் பாற்கட்டியும் ஏறிய தட்டு அது. மரக்கறிக் கறியை மச்சச் சட்டியில் ஊற்றிவிட்டு, 'கறி மாறவில்லையே' என்று சொன்னால் எமது அன்னையர் ஏற்பரா?

அன்று பலெர்மோவிற் சூரியன் மறைவது மாலை ஐந்து மணியளவில். அதற்குப் பதினெட்டு நிமிடம் முன்னதாக விளக்கேற்றுவது வழமை. ஆக, எஞ்சியிருந்தது ஐந்து மணித்தியாலத்துக்கும் குறைவு. ரோமாபுரியிலிருந்து இன்னொரு பெட்டி வந்து சேர வழியில்லை.

மகள் அழுதுவிட்டார். மூதாட்டி அழவில்லை. குசினி வாசலில் நின்று, ஆங்கிலத்தில், "இங்கே மீன் சந்தை எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டார்.

பல்லரோச் சந்தை நடைதூரத்தில்தான். தம்பியும் நாமும் மூதாட்டியும் சென்றோம். வெட்டிய மீன் எதையும் அவர் வாங்கவில்லை. செதிலும் துடுப்பும் கண்ணுக்குத் தெரிய முழுமீனாகக் கிடந்த ஒராட்டா ஆறு தெரிந்தெடுத்தார். வியாபாரி கத்தியை எடுக்க, தம்பி அவரது கையைப் பிடித்துத் தடுத்தார். உருளைக்கிழங்கு, எலுமிச்சை, தக்காளி, வெள்ளரி, தோடம்பழம், முட்டை யாவும் வெட்டாமல் உடைக்காமல் வாங்கினோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் அலுமினியத் தட்டுகளும் கடுதாசிக் கோப்பைகளும் அலுமினியத் தாளும் எம்மவர் கடையொன்றில் கிடைத்தன.

மீனைத் துப்புரவு செய்தது மூதாட்டி தம்மோடு கொண்டுவந்திருந்த கத்தி. அலுமினியத் தட்டிலிட்டு, தாளால் இருமுறை இறுகச் சுற்றி, விடுதி அடுப்பினுள் வைத்தனர். அடுப்பைத் தம் கையாலேயே மூட்டுவதற்கு முதியவர் அழைக்கப்பட்டார். யூதரல்லாதார் மட்டுமே சமைத்த உணவு ஏற்கப்படாது என்பதால், நெருப்பில் யூதர் ஒருவரின் பங்கு இருத்தல் வேண்டும். அவர் குமிழைத் திருப்பிய போது தலைமைச் சமையற்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

நாலே முக்காலுக்குச் சற்று முன்னர் மூதாட்டி இரு திரிகளை ஏற்றி, கைகளால் முகத்தை மூடிக்கொண்டார். அடுப்பு குறைந்த சூட்டில் எரிந்துகொண்டேயிருந்தது. அதன் குமிழை இனி எவரும் தொடவில்லை. பாண்களும் திராட்சை இரசமும் அவர்கள் கொண்டுவந்தவை. அந்த இரசத்தைப் பரிசாரகர் எவரும் ஊற்ற வேண்டாம் என்பது கடிதத்திலேயே இருந்தது. இரவு சூடான மீன். மறுநாள் நண்பகல் குளிர்ந்த மீனும் அவித்த முட்டையும் பச்சை மரக்கறியும். பேரப்பிள்ளைகள் மேசையைத் தட்டிப் பாடிய ஓசை குசினிவரை கேட்டது.

மூன்று மொழித் தெருப்பலகை

சனி காலை முதியவர் எம்மை நடைக்கு அழைத்தார். அறைத் திறப்பை வரவேற்பு மேசையில் வைத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். வியா மக்குவேடா வழியாகச் சென்று ஒரு சிறு சந்திற் திரும்பினோம். அங்கே தெருப்பெயர்ப் பலகைகளில் இத்தாலியம், எபிரேயம், அரபு என மூன்று எழுத்துகள் உள. இதுவே பலெர்மோவின் பழைய யூதர் வாழ்விடம். மெஸ்கித்தா என்று பெயர். பள்ளிவாசலைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து வந்த அப்பெயரால் சிசிலியர் யூதரின் தொழுகைக் கூடத்தை வழங்கினர்.

1487இல் எருசலேம் செல்லும் வழியில் இங்கு தங்கிய பெர்த்தினோரோ ஊர் ஒபதியா என்னும் அறிஞர், ஏறத்தாழ 850 யூதக் குடும்பங்கள் ஒரே தெருவில் வாழ்ந்ததாகத் தம் தந்தைக்குக் கடிதம் எழுதினார். செம்புக் கன்னாரும் கொல்லரும் சுமைகாரரும் என அவர்களின் தொழில்களையும் குறித்தார். கன்னார் தெரு என்று பொருள்படும் வியா தெய் கல்தெராய் இன்றும் அங்கு இருக்கின்றது. ஒபதியா வந்து ஐந்தாண்டுகளில், 1492 ஜூன் 18ஆம் நாள், ஸ்பானிய மன்னன் பேர்தினாந்தின் வெளியேற்ற ஆணை பலெர்மோவிற் பறைசாற்றப்பட்டது. தவணைகள் நீண்டு, 1493 சனவரி 12 இறுதி நாளாயிற்று. ஓர் ஆடை, ஒரு மெத்தை, ஒரு கம்பளி, வழிக்குச் சிறிது உணவு, சில நாணயம் என எடுத்துச் செல்லத்தக்கவற்றைக்கூட ஆணை எண்ணிச் சொல்லியது.

அந்தப் பட்டியலை முதியவர் விரல்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கையில் நாம் வேறொரு பட்டியலை நினைத்துக்கொண்டிருந்தோம்.

யாழ்ப்பாணத்தில் நாம் சிறுவராயிருந்த போது, சோனகதெருவிலிருந்து ஒரு முஸ்லிம் தோழன் எமது வகுப்பிற் படித்தான். பெருநாளன்று அவனது தாயார் எமது வீட்டுக்கு வட்டிலப்பம் அனுப்புவார். பெருநாள் வெள்ளியில் வந்தால், அதில் முட்டை சேர்வதை எண்ணி, அன்று பேரீச்சம்பழமும் வாழைப்பழமும் மட்டும் வரும். வட்டிலப்பம் சனிக்கிழமை வரும். எங்கள் வெள்ளிக்கிழமையை எங்களுக்காக நினைவு வைத்திருந்த தாய் அவர். 1990 அக்டோபர் 30ஆம் நாள், விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி, யாழ்ப்பாண முஸ்லிம்கள் இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர். உடுத்த உடையும் சிறு தொகைப் பணமுமே எடுத்துச் செல்ல விடப்பட்டது. வகுப்பில் அந்த வாங்கு வெறுமையாயிற்று. பெரியவர்கள் அதுபற்றிப் பேசவில்லை, நாமும் கேட்கவில்லை. சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து, 1995இல், அதே அக்டோபர் 30ஆம் நாள் இரவு, இராணுவம் முன்னேறி வர, வலிகாமத்து மக்கள் மழையில் செம்மணி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். அவர்களுள் நாமும் ஒருவர். இரண்டாவது நாளை ஆண்டுதோறும் நினைவுகூரும் எம்மவர், முதலாவது நாளையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது எமது வேண்டுகோள்.

உணவு நெறிக்கு இன்னொரு முகமும் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. எமது ஊர்த் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குச் சிரட்டையிலும் போத்தலிலும் தேநீர் ஊற்றிய காலம் இருந்தது. அதற்கும் ஆசாரம் என்றே பெயர். தன் தட்டைத் தான் காத்துக்கொள்பவன் தன்மீது ஒரு கட்டுப்பாட்டை ஏற்றிக்கொள்கின்றான். பிறன் கைபட்ட குவளையை ஒதுக்குபவன் அக்கட்டுப்பாட்டைப் பிறன் முதுகில் ஏற்றுகின்றான். பிள்ளைகளுக்கு மரக்கறிச் சட்டியைப் பழக்கும்போது இந்த வேறுபாட்டையும் சேர்த்துப் பழக்குதல் எமது பொறுப்பு.

முதியவர் ஒரு மூடிய கட்டடத்தின் முன் நின்றார். அது சாந்தா மரியா தெல் சபாத்தோ என்னும் பழைய செபக்கூடம். பெயரிலேயே சனிக்கிழமையைத் தாங்கி நிற்பது. யூதர் வெளியேறக் குறித்த இறுதி நாளின் ஆண்டு நிறைவான 2017 சனவரி 12ஆம் நாள், பலெர்மோப் பேராயர் கொர்ராதோ லொரெபிச்சே, தொழுகைக் கூடம் அமைப்பதற்காக இதனை யூத சமூகத்திடம் ஒப்படைப்பதாக அறிவித்தார். 524 ஆண்டுகள் கழித்து வந்த திறப்பு. முதியவர் கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பினார். வழியில், எபிரேய வேதத்தில் மயிலுக்கு வழங்கும் 'துக்கி' என்னும் சொல் எமது 'தோகை'யிலிருந்து சென்றது என அறிஞர் பலர் கருதுவதைச் சொன்னோம். அச்சொல்லை வாய்க்குள் இருமுறை சொல்லிப் பார்த்துச் சிரித்தார்.

கராம்பு

சனி இரவு விடுதி முற்றத்தில் பிள்ளைகள் விண்மீன் தேடினர். மூன்றாவது தெரிந்ததும் விடைகொடுக்கும் சடங்கு தொடங்கியது. அதற்குத் திராட்சை இரசம் வேண்டும், பின்னிய மெழுகுதிரி வேண்டும், முகர்வதற்கு வாசனைத் திரவியம் வேண்டும். மற்றவை இருந்தன, நண்பகல் அமளியில் வாசனைப் பேழையை எங்கோ தவறவிட்டிருந்தனர்.

தம்பி ஒன்றும் பேசாமல் குசினிக்குட் சென்று, தமது மதிய உணவுப் பையிலிருந்த சிறு போத்தலைக் கொண்டுவந்தார். கறிக்கென வீட்டிலிருந்து அவர் கொண்டுவரும் கராம்பும் கறுவாவும் அதில் இருந்தன. முதியவர் வாழ்த்துரைத்து முகர்ந்தார். மனைவி, மகள், பிள்ளைகள் என வரிசையாகக் கைமாறிய போத்தல், தலைமைச் சமையற்காரரிடமும் வந்தது; எம்மிடமும் வந்தது.

ஞாயிறன்று அவர்கள் சென்றபின் தம்பி ஒரு தாளை இத்தாலியத்திலும் தமிழிலுமாக எழுதிக் குசினிச் சுவரில் ஒட்டினார். அது இன்னும் அங்கே இருக்கின்றது. விடுதிகளில் தொழில் புரியும் வாசகர்களுக்காக அதன் தமிழ்ப் பகுதியை இங்கு தருகின்றோம்:

முத்திரை ஒட்டிய பெட்டியைத் திறக்காதே, உறையோடு சூடாக்கு. எங்கள் தட்டில் எடுத்து வைக்காதே. மீன் முழுசாக, செதிலோடு. பழம் வெட்டாமல். அடுப்பை அவர்கள் மூட்டட்டும். வெள்ளி பொழுது படுமுன் எல்லாம் முடி. அதன்பின் குமிழைத் தொடாதே. தெரியாவிட்டால் வியாழக்கிழமையே கேள்.

கடைசி வரியை மட்டும் தம்பி இரண்டு மொழிகளிலும் அடிக்கோடிட்டிருந்தார்.